அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையரை ஓட்டுவது சுற்றுச்சூழலுக்குக் கேடா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா 1986-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபையர் இன்னும் நன்றாகப் பாடுகிறது. பின்பக்கத் தகட்டில் 220 வாட் என்று போட்டிருக்கிறது. தினமும் மாலையில் 3 மணி நேரம் கேட்கிறீர்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் மகள், "இந்தப் பெட்டி நிலக்கரியைத் தின்கிறதுப்பா, உள்ளங்கை அளவில் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் வந்துவிட்டது, அதை வாங்குங்கள்" என்கிறாள். பழையதைத் தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா என்பது கேள்வி. பில்லைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உங்கள் கவலை பணம் இல்லை என்றுதான் படுகிறது. அப்பாவின் நினைவாக வைத்திருக்கும் ஒரு பொருளை ஓட்டுவதால் மகளின் தலைமுறைக்குத் தீங்கு செய்கிறோமோ என்ற உறுத்தல் அது. அந்த உறுத்தலை மதித்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் 1994 முதல் ஆடியோ செட்டுகளைப் பழுது பார்க்கிறவன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன், சூழலியல் படித்தவன் இல்லை. ஒரு செட் எவ்வளவு வாட் இழுக்கிறது, அது எங்கே வெப்பமாகப் போகிறது, எந்தப் பாகம் எப்போது சாகும் என்பதெல்லாம் என் மேஜையில் அளந்து பார்த்த விஷயங்கள். அவற்றை உறுதியாகச் சொல்வேன். மின் நிலையத்துப் புகைக் கணக்குக்கு மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் சராசரியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கருவியைத் தயாரிக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற பகுதியில் மட்டும் என் பேச்சைச் சற்றுத் தளர்வாக எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே வரும்போது சொல்கிறேன்.

முதலில் அந்த 220 வாட். அது நீங்கள் கேட்கும் சத்தத்துக்கான எண் கிடையாது. செட்டை ஓயாமல் பெருஞ்சத்தத்தில் ஓட்டினால் எவ்வளவு இழுக்கும் என்று வயரிங்குக்காகவும் பாதுகாப்புக்காகவும் போடும் எண். வீட்டு ஹாலில் பாட்டுக் கேட்க ஸ்பீக்கருக்கு எவ்வளவு பவர் போகிறது என்று ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் பலருக்கும் நம்ப முடிவதில்லை. சாதாரண இரண்டடி ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் வரும். அது ஏற்கெனவே பக்கத்து அறைக்குக் கேட்கிற சத்தம். பேசிக்கொண்டே கேட்கும் அளவுக்கு வைத்தால் சராசரியாக ஒரு சேனலுக்குப் பத்தில் ஒரு வாட் போனால் அதிகம். மிருதங்கத்தில் ஒரு தட்டு விழும் கணத்தில் மட்டும் பல வாட் போய்த் திரும்பும். அந்தக் கணத்துக்காகத்தான் பெரிய ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்கிறோம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தில் ஒலியாக மாறுவது நூறில் அரைப் பங்குகூட இல்லை. மீதி முழுக்க வாய்ஸ் காயிலின், அதாவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் சூடு. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால் 0.4 சதவீதம் வரும். நாம் கேட்டு உருகுகிற பாட்டெல்லாம் மில்லிவாட் கணக்கில்தான் காற்றில் இருக்கிறது.

பிறகு கரண்ட் எங்கே போகிறது? சும்மா ஆன் செய்து வைத்திருப்பதில் போகிறது. உங்களுடையது கிளாஸ் ஏபி, அதாவது சும்மா இருக்கும்போது சிறு கரண்டும் பாட்டு ஏற ஏறக் கூடுதல் கரண்டும் இழுக்கும் ரகம். அந்தக் காலத்து இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து வாட்மீட்டரில் போட்டால் 25-இலிருந்து 35 வாட் காட்டும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கொஞ்சம் தின்னும். சிக்னலை முதலில் தயார்செய்யும் ப்ரீஆம்ப் பகுதிக்கு வோல்டேஜைக் குறைக்கிற ரெசிஸ்டர்கள் சூடாகியே கொஞ்சம் தீர்க்கும். டயலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன பல்புகள் ஒவ்வொன்றும் இரண்டு வாட்டுக்கு மேல். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் பாட்டு இல்லாவிட்டாலும் ஒரு சிறு பயாஸ் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், அது இல்லையென்றால் மெல்லிய சத்தத்தில் கரகரப்பு வந்துவிடும். இப்போது பாட்டைப் போட்டு மாலை நேரத்துச் சத்தத்துக்கு ஏற்றினால் 33 வாட் என்று இருந்தது 38, 40 ஆகும். அவ்வளவுதான். ஆக, நீங்கள் கேட்கும் பாட்டுக்கு 5 வாட், கேட்கத் தயாராக இருப்பதற்கு 33 வாட்.

என் எண்ணை நம்ப வேண்டாம், உங்கள் வீட்டிலேயே அளந்து பாருங்கள். ஒயரைக் கவ்விக் கரண்டை மட்டும் காட்டும் கிளாம்ப் மீட்டரை வைத்து மட்டும் அளக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவர் சப்-ஊஃபரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சின்ன நோட்டு. அதில் "0.22 ஆம்பியர், 230 வோல்ட், ஆக 50 வாட், அதுவும் ஸ்டாண்ட்பையில்" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். என் மேஜையிலிருந்த வாட்மீட்டரில் போட்டோம், 9 வாட். அவர் அளந்ததில் தப்பு இல்லை, பெருக்கியதில்தான் தப்பு. லோடு இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி, காந்தப்புலத்தை உண்டாக்கப் போய் அப்படியே லைனுக்குத் திரும்பி வருவது. நம் வீட்டு மீட்டர் அதை எண்ணுவதில்லை. அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்த 9 வாட்டும் நாள் முழுக்க ஓடுகிற 9 வாட் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

வாட்மீட்டர் இல்லையென்றால் வாசலில் இருக்கும் கரண்ட் மீட்டரே போதும். முகப்பில் 3200 இம்ப் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். 3200 தரம் மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். ஃபிரிட்ஜ், ஃபேன், வைஃபை பெட்டி, முக்கியமாக இன்வெர்ட்டர், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரை மட்டும் ஓட விடுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்து ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை வினாடி என்று பாருங்கள். 1125-ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 30 வினாடிக்கு ஒரு தரம் மினுக்கினால் 37.5 வாட். உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125-க்குப் பதில் 2250. பத்து மினுக்கல் எண்ணிச் சராசரி எடுத்தால் இன்னும் நல்லது, ஐந்து நிமிடம்தான் ஆகும். ஒரு எச்சரிக்கை: ஐந்து வாட்டுக்குக் கீழே இந்த மீட்டர்களை நம்பாதீர்கள். அவ்வளவு சின்ன கரண்டில் மீட்டர் நகராமலே இருக்கலாம்.

சரி, வருடக் கணக்குக்கு வருவோம். 38 வாட், தினம் 3 மணி நேரம், 365 நாள்: ஏறக்குறைய 42 யூனிட். மகள் சொல்லும் சின்ன கிளாஸ் டி பெட்டி இதே சத்தத்துக்கு 10 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 11 யூனிட். இந்த இடத்தில் மகள் சொல்வது முழுக்கச் சரி. கிளாஸ் டியில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஒன்று முழுக்கத் திறந்திருக்கும், இல்லையென்றால் முழுக்க மூடியிருக்கும். பாதி திறந்த நிலையில் நின்று சூடாவதில்லை. ஆனால் அந்தப் புதுப் பெட்டியில் வைஃபையும் ப்ளூடூத்தும் இருக்கும். நீங்கள் போனைத் தட்டியதும் பாட வேண்டும் என்பதற்காக மீதி 21 மணி நேரமும் 4 வாட்டில் விழித்துக்கொண்டிருக்கும். 4 வாட், 21 மணி நேரம், 365 நாள், பெருக்கிப் பாருங்கள்: 31 யூனிட். அந்த 11-ஐயும் சேர்த்தால் 42. உங்கள் அப்பாவின் செட்டும் அதே 42 தான். உங்கள் செட்டில் முன்பக்கம் இருக்கிற கனமான பவர் பட்டன் மெயின்ஸையே துண்டிக்கிறது, அதனால் மீதி 21 மணி நேரம் அது எதையும் இழுப்பதில்லை. 4 வாட் என்பது எல்லாப் புதுப் பெட்டிக்கும் பொருந்தாது. நல்லவை 2 வாட்டுக்குள் அடங்கும், 6-ஐத் தாண்டுவதையும் பார்த்திருக்கிறேன். தினம் சுவரிலேயே அணைப்பேன் என்றால் புதியது 11 யூனிட்டில் நிற்கும், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

இந்த விழித்திருக்கும் கரண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஆலன் மையர் என்ற ஆய்வாளர் 1990களில் இதை விடாமல் அளந்து, எந்தக் கருவியும் ஸ்டாண்ட்பையில் 1 வாட்டைத் தாண்டக்கூடாது என்று வாதாடினார். சர்வதேச எரிசக்தி முகமை அதை ஏற்றது. 2001-இல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் வாங்கும் கருவிகளுக்கு அது உத்தரவாகவே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் 1 வாட், 2013 முதல் அரை வாட் என்று சட்டமாக்கியது. நெட்வொர்க்கில் இணைந்து காத்திருக்கும் கருவிகளுக்கு மட்டும் தனியாக, தாராளமான வரம்பு. அந்தத் தாராளத்துக்குள்தான் இன்றைய ஸ்மார்ட் ஸ்பீக்கர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. நம் நாட்டில் ஏசி, ஃபிரிட்ஜ், டிவி வாங்கப் போனால் நட்சத்திர ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கலாம். ஆம்ப்ளிஃபையர் அட்டைப்பெட்டியில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பொருட்படுத்துவதில்லை. நம் வீட்டுச் சுவரில் ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. பல நாடுகளில் பிளக்கைப் பிடுங்கினால்தான் உண்டு. அந்தச் சுவிட்சைத் தட்டினால் பூஜ்யம், எந்தச் சட்டமும் அதைவிடக் குறைக்க முடியாது.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரி. "ஸ்டெபிலைசர் வழியாகத்தான் கனெக்‌ஷன், அதன் பச்சை விளக்கு எப்போதும் எரியும்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டில் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. 500 விஏ (அது தாங்கும் பளுவின் அளவு) ஸ்டெபிலைசருக்குள் ஒரு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், ரிலேக்கள், அந்த ரிலேக்களை ஓட்ட ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். எதுவும் இணைக்காமல் விட்டாலும் 8 வாட்டுக்குப் பக்கத்தில் இழுக்கும். மேலே கையை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டுகிறீர்கள். 8 வாட், 24 மணி நேரம், வருடம் முழுக்க: 70 யூனிட். மகள் குறை சொல்லும் ஆம்ப்ளிஃபையர் 42 யூனிட், யாரும் கவனிக்காத பச்சை விளக்குப் பெட்டி 70 யூனிட். உங்கள் ஊரில் வோல்டேஜ் 210-க்கும் 245-க்கும் நடுவே நிற்கிறது என்றால் இந்த செட்டுக்கு ஸ்டெபிலைசரே வேண்டாம். பின்பக்கத்து வோல்டேஜ் செலக்டர் 240-இல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 200 வோல்ட்டுக்கு இறங்கினால்கூட உச்ச சத்தம் கொஞ்சம் குறையும், வேறொன்றும் ஆகாது. லைனின் கடைசியில் இருக்கும் கிராமம், ராத்திரியில் 260 ஏறும் என்றால் ஸ்டெபிலைசர் இருக்கட்டும். ஆனால் பாட்டுக் கேட்டு முடித்ததும் சுவர் சுவிட்சை அணையுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் செட்டுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். டிவிக்குப் பக்கத்தில் செட்-டாப் பாக்ஸ் இருந்தால் அதையும் ஒரு தரம் அளந்து பாருங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் ஏறக்குறைய ஒரே வாட் காட்டும் பெட்டிகள் என் கைக்கு நிறைய வந்திருக்கின்றன. 10 வாட் என்றால் வருடத்துக்கு 88 யூனிட்.

யூனிட்டைப் புகையாக மாற்றிப் பார்க்கலாம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் இந்திய மின்தொகுப்பின் சராசரி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. உங்கள் ஆம்ப்ளிஃபையருக்கு வருடம் 29 கிலோ, ஸ்டெபிலைசருக்கு 49 கிலோ. இது சராசரிதான். தமிழ்நாட்டில் ஆடி மாதம் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுற்றும்போது இருக்கும் மின்சாரமும், ஐப்பசி மாதம் மாலை ஏழு மணிக்கு வரும் மின்சாரமும் ஒன்று இல்லை. பொழுது சாய்ந்ததும் சோலார் போய்விடும், எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், அப்போது அனல் மின் நிலையங்கள்தான் கை கொடுக்கும். நீங்கள் பாட்டுக் கேட்பதும் அந்த நேரத்தில்தான். ஆகவே உங்கள் மாலை 3 மணி நேரத்துக்கு 0.7 கிலோவைவிடக் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு. எனக்குப் புகையைவிடச் சாம்பல்தான் மனதில் பதிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். நிலக்கரியில் எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 200 கிராமுக்கு மேல் சாம்பல் விழுகிறது, ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பிடிப்பவர்கள் கால் வைத்தால் புதைகிற சாம்பல் சேற்றைப் பற்றி வருடக்கணக்காகப் பேசுகிறார்கள். அந்தச் சேற்றில் என் மேஜை விளக்கின் பங்கும் இருக்கிறது. அதனால்தான் வீணாகப் போகும் 8 வாட்டைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

ஆனால் பழைய செட் எல்லாமே நிரபராதி என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பது கிளாஸ் ஏ என்றால் பதில் வேறு. கிளாஸ் ஏயில் பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுக் கரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். சேனலுக்கு 25, 30 வாட் தரும் ஸ்டீரியோ கிளாஸ் ஏ செட் சுவரிலிருந்து 250 வாட் இழுப்பது சாதாரணம். தினம் 4 மணி நேரம் என்றால் நாளுக்கு 1 யூனிட், வருடத்துக்கு 365. அது ஒரு நடுத்தர ஃபிரிட்ஜ் வருடம் முழுக்க இழுப்பதைவிட அதிகம். வால்வு செட்டும் இந்த ரகம்தான். ஈஎல்34 வால்வு ஒன்றின் இழையைச் சூடேற்ற மட்டும் 9.5 வாட் வேண்டும், நான்கு வால்வு என்றால் அதற்கே 38. பிளேட்டில் போவது தனி. உங்கள் செட் பாடிக்கொண்டே இழுக்கும் மொத்தமும் அங்கே வால்வைச் சிவக்க வைக்க மட்டுமே செலவாகிறது. நம் ஊரில் இதற்கு இன்னொரு தண்டனை உண்டு. குளிர் நாட்டில் அந்த 250 வாட் சூடு அறையைக் கதகதப்பாக்கும், ஹீட்டருக்குக் கொஞ்சம் ஓய்வு. இங்கே சித்திரை மாதம் ஏசி அறையில் ஓட்டினால், அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி இன்னும் 70, 80 வாட் கூடுதலாக இழுக்கும். கிளாஸ் ஏயின் ஒலியை விரும்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் பிடிக்கும். உட்கார்ந்து கேட்கும் ஒரு மணி நேரத்துக்கு ஓட்டுங்கள் என்பேன். சமைக்கும்போது பின்னணியில் ஓடுவதற்கு அது வேண்டாம்.

எதிர்ப் பக்கமும் ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியில் "4800 வாட் பிஎம்பிஓ" என்று விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய எண்ணைப் போட்ட ஹோம் தியேட்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே திறந்தால் 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கும். 24 வோல்ட், 5 ஆம்பியர், ஆக அது 120 விஏ, அதிகபட்சம் 120 வாட். அதற்கு மேல் சுவரிலிருந்து இழுக்க அதனால் முடியாது. அந்தப் பெட்டிகளில் நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. முன்பக்க பட்டன் வெறும் ஸ்டாண்ட்பை பட்டனாக இருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் எப்போதும் லைனிலேயே இருக்கும். பாட்டு நின்று பல மணி நேரம் கழித்துப் பெட்டியின் மேல் கை வைத்தால் சூடு தெரிந்தால், அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

தயாரிப்புக்குச் செலவாகும் ஆற்றல் பற்றி இப்போது. மேலே சொன்னேன், இங்கே என் பேச்சு தளர்வானது. ஒரு ஆம்ப்ளிஃபையரைச் செய்ய மொத்தம் எவ்வளவு கார்பன் என்று ஒரே எண்ணில் சொல்லிவிட முடியாது. போர்டு எங்கே செய்தார்கள், ஐசி எங்கே செய்தார்கள், கப்பலில் வந்ததா விமானத்தில் வந்ததா, எல்லாவற்றையும் பொறுத்தது. ஆனால் ஒரு பாகத்தை மட்டும் உறுதியாகப் பிடிக்கலாம், அது அலுமினியம். அலுமினாவிலிருந்து ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். உங்கள் அப்பாவின் செட்டில் டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் மட்டும் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். அந்த 21, 28 யூனிட் 1986-க்கு முன்பே செலவாகி முடிந்துவிட்டது. அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, அலுமினியக் கூட்டோடும் புது போர்டோடும் இன்னொன்றை வாங்கினால், தினம் சுவரில் அணைத்தே வருடம் 31 யூனிட் மிச்சப்படுத்தி அந்தச் செலவை ஈடுகட்ட எத்தனை வருடம் ஆகும் என்பதுதான் கேள்வி. என் கணிப்பில் சில வருடங்களாவது ஆகும். அதற்குள் அந்தப் புதுப் பெட்டியின் அடாப்டர் போய்விட்டாலோ, செயலிக்கு அப்டேட் நின்றுபோனாலோ கணக்கே தலைகீழ். என் கடைக்கு வரும் சின்னப் பெட்டிகளில் பாதிக்கு மேல் உதிரிப் பாகம் கிடைக்காமல் திரும்பிப் போகின்றன. 1986-இல் வந்த உங்கள் செட்டுக்கோ, கெப்பாசிட்டரும் ரிலேயும் டிரான்சிஸ்டரும் சென்னை ரிச்சி தெருவில் இன்றும் வாங்கலாம். உலகம் முழுவதும் 2022-இல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. சார்ந்த அறிக்கை சொல்கிறது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். அந்தக் குவியலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு மனம் வராது.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டிருந்தீர்கள், சிடியா ஸ்ட்ரீமிங்கா என்று. இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு 144 எம்பி, அதே நேரத்து வீடியோவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. டேட்டா இரட்டிப்பானால் நெட்வொர்க்கின் மின்சாரமும் இரட்டிப்பாகிவிடாது, கோபுரங்களும் கேபிள்களும் நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் பாட்டை யூட்யூபில் வைத்து, பார்க்காத டிவித் திரையை ஆன் செய்து, அதன் ஒலியை மட்டும் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. 43 அங்குல டிவி 60, 70 வாட் இழுக்கும். இரண்டு ஆம்ப்ளிஃபையர் வீணாக ஓடுவதற்குச் சமம். போனிலிருந்தே ஒரு ஒயரில் கொடுங்கள்.

ஆகவே என் யோசனை: செட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டெபிலைசரைக் கழற்றுங்கள் அல்லது சுவரில் அணையுங்கள். அதோடு செட்டை ஒரு தரம் சர்வீஸ் செய்யுங்கள், அதுவும் மின்சாரம் சம்பந்தப்பட்டதுதான். இத்தனை வருடத்தில் பயாஸ் ப்ரீசெட்டில் (பயாஸ் கரண்டை ஏற்றி இறக்கும் சின்னத் திருகில்) தூசியும் களிம்பும் ஏறி, பயாஸ் கரண்ட் இரண்டு, மூன்று மடங்காகியிருக்கலாம். நான் பார்த்த ஒரு செட், 30 வாட்டில் இருக்க வேண்டியது, சும்மா நிற்கும்போதே 58 வாட் இழுத்தது. ஹீட்சிங்கில் கை வைக்க முடியவில்லை. அவுட்புட் டிரான்சிஸ்டரோடு சேர்ந்த எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம், அதன் குறுக்கே மில்லிவோல்ட்டில் மீட்டரை வைத்தேன். 5-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் 20-ஐத் தாண்டி நின்றது. ப்ரீசெட்டை மாற்றி, அரை மணி நேரம் சூடாக விட்டு, மெதுவாகத் திருகிக் கீழே கொண்டுவந்தேன். திரும்ப வாட்மீட்டரில் போட்டால் 31. அந்தச் சூடு குறைந்ததில் இன்னொரு லாபமும் உண்டு. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரைச் சுற்றி 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஷோகேஸுக்குள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தால் வெளியே எடுங்கள், மேலே நான்கு விரல் இடைவெளி விடுங்கள், மேலே துணி போடாதீர்கள். டயல் பல்பு போயிருந்தால் எல்இடி போடச் சொல்லுங்கள், அதில் மட்டும் 4, 5 வாட் மிச்சம். சர்வீஸ் செய்பவரிடம் "பயாஸை சர்வீஸ் மேனுவல்படி வையுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பலர் ஒலி வந்தால் போதும் என்று மூடிவிடுவார்கள்.

மெயின் டிரான்ஸ்ஃபார்மரே போய்விட்டது, ரீவைண்டிங் செய்தும் சத்தமாக ஹம் வருகிறது என்ற நிலை ஒருநாள் வந்தால், அப்போது மகள் சொல்லும் கிளாஸ் டியைத் தயங்காமல் வாங்குங்கள். வைஃபை இல்லாததாக, முன்பக்கமோ பின்பக்கமோ நிஜமான பவர் சுவிட்ச் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். பழையதைக் காயலாங்கடையில் எடைக்குப் போடாமல் ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுங்கள், அந்த ஹீட்சிங்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் இன்னொரு செட்டைக் காப்பாற்றும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மீட்டர் பெட்டி முன்னால் நின்று எண்ணிப் பாருங்கள். முதலில் ஸ்டெபிலைசர் மட்டும், அப்புறம் ஸ்டெபிலைசரோடு ஆம்ப்ளிஃபையர், கடைசியாக ஸ்டெபிலைசர் இல்லாமல் ஆம்ப்ளிஃபையர். மூன்றுக்கும் எத்தனை வினாடி என்று எழுதுங்கள், மீட்டரில் போட்டிருக்கும் இம்ப் எண்ணையும் சேர்த்து. ஆம்ப்ளிஃபையர் மட்டும் ஓடும்போது 3200 மீட்டரில் 22 வினாடிக்கும், 1600 மீட்டரில் 44 வினாடிக்கும் குறைவாக வந்தால் பயாஸ் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். மாடல் நம்பரையும் எழுதினால், எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எத்தனை மில்லிவோல்ட் இருக்க வேண்டும் என்று மேனுவலைப் பார்த்துச் சொல்கிறேன்.